ஒரே பாத்ரூம், ஒரே பாத்: கழற்றினால் வீடு விலை போகுமா?

வாசகர் கேள்வி: லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு) எங்களுடையது. மேல்மாடியில் ஒரே பாத்ரூம்தான், 2.1 மீற்றருக்கு 1.7 மீற்றர். சுவரிலிருந்து சுவர்வரை 1.7 மீற்றர் பாத் (குளியல் தொட்டி), அதற்கு மேலே ஷவர். டொய்லெட் பக்கத்தில் தனியறை. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். பாத்தின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க ஒவ்வொரு நாளும் யாராவது பிடிக்க வேண்டியிருக்கிறது. பாத்தை எடுத்துவிட்டு, அறைத் தரையிலேயே தண்ணீர் வடியும் முழு வெட் ரூம் செய்வோம் என்கிறார் பில்டர். "பாத் இல்லாத வீட்டைப் பிள்ளைகுட்டிக்காரர் திரும்பியும் பாராயினம், பத்தாயிரம் பவுண் போச்சு" என்கிறார் அத்தான். ஐந்தாறு வருடத்தில் விற்கிற யோசனை உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: அத்தான் சொன்னதில் முதல் பாதி ஏறக்குறைய சரி. பத்தாயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். பாத் இல்லாததற்கு இத்தனை சதவீதம் கழிவு என்று எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் வரி கிடையாது. வங்கி அனுப்பும் சேர்வேயர் பக்கத்துத் தெருக்களில் அதே மாதிரி வீடு என்ன விலைக்குப் போனது, உங்கள் வீட்டின் பரப்பு என்ன, எத்தனை அறை, என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தொகை எழுதுவார்.

அடி விழுவது அதற்கு முந்திய கட்டத்தில். விளம்பரத்தில் போடும் தரைப்படத்தில் இப்போது 'பாத்ரூம்' என்று எழுதியிருக்கும் இடத்தில், பாத்தைக் கழற்றியபின் ஏஜென்ட் 'ஷவர் ரூம்' என்றுதான் எழுதுவார். ஹரோவில் மூன்று அறை செமி தேடுபவர்களில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்காக வரும் இளம் குடும்பங்கள். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒன்றுமாக வருபவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். பார்க்க வருபவர் குறைந்தால் விலையில் போட்டியும் குறையும். வெம்ப்ளியில் ஓரறை பிளாட் என்றால் இந்தக் கேள்வியே எழாது. அங்கே நல்ல ஷவரைத்தான் விரும்புவார்கள். இரண்டு பாத்ரூம் உள்ள வீட்டிலும் ஒன்றில் பாத் இருந்தால் போதும். உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று என்பதுதான் சிக்கல்.

உங்கள் வட்டாரத்தில் இது எவ்வளவு உறைக்கும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீங்களே பார்த்துவிடலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 1995இலிருந்து விற்ற விலைகளை லாண்ட் ரெஜிஸ்ட்ரி வெளியிடுகிறது. வீட்டு விளம்பரத் தளங்களில் விற்ற வீடுகளின் பழைய படங்களும் தரைப்படமும் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அரை மைல் சுற்றளவில், கடந்த இரண்டு வருடத்தில் விற்ற 1930களின் செமிகளை மட்டும் எடுங்கள். மேலே ஷவர் மட்டும் உள்ளவை எத்தனை, கேட்ட விலையை இடையில் குறைத்தார்களா என்று குறித்து வையுங்கள். ஏஜென்டிடம் கேட்டால் "பாத் இருந்தால் நல்லது" என்பார். எதைக் கேட்டாலும் இருந்தால் நல்லது என்பதுதான் அவர்கள் பதில்.

சட்டப்படி தடை இல்லை. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் பார்ட் ஜி, பாத்ரூம் ஒன்றில் கை கழுவும் பேசினும், பாத் அல்லது ஷவர் இரண்டில் ஒன்றும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. விற்கும்போது, வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பிக் கொடுக்கும் டி.ஏ.6 படிவத்தில் செய்த மாற்றங்களையும் அவற்றுக்கான சான்றிதழ்களையும் கேட்பார்கள். எலக்ட்ரிக் ஷவருக்குப் புது சேர்கிட் இழுத்தால் அது கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டிய வேலை. பதிவுபெற்ற எலக்ட்ரிசியன் செய்தால் அவரே அறிவித்துச் சான்றிதழ் தருவார். அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அவரைத் தேடிப் பிடிப்பது லேசில்லை.

இனி எங்கள் அபிப்பிராயம். தரையிலிருந்து அரை மீற்றருக்கு மேல் உயரமான விளிம்பை வாதம் பிடித்த முழங்காலோடு தினமும் தாண்டுவது, இன்னும் ஐந்து வருடம் இழுத்தடிக்கக்கூடிய விஷயமல்ல. பாத்தை எடுங்கள். ஆனால் விற்கும் நேரத்தில் ஒரு பிளம்பர் இரண்டு நாளில் திரும்பப் பொருத்தக்கூடிய விதமாக எடுங்கள். சாதாரண 1700க்கு 700 மில்லிமீற்றர் அக்ரிலிக் பாத் 200 பவுணுக்குள்ளேயே கிடைக்கிறது. சுவர், குழாய், கழிவு வழி எல்லாம் அதற்குத் தயாராக இருந்தால், அத்தானின் பத்தாயிரம் அந்தப் பாத்தின் விலையும் பிளம்பரின் கூலியுமாகச் சுருங்கிவிடும்.

அதனால்தான் மேல்மாடியில் வெட் ரூம் வேண்டாம் என்கிறோம். உங்கள் மேல்மாடித் தரை மரச்சட்டங்களின்மேல் பலகை அடித்தது. அதில் சரிவு கொடுத்து, அறை முழுவதும் நீர்க்காப்பு பூசி, மூலை மூலையாக நாடா ஒட்ட வேண்டும். மரம் ஈரத்துக்கும் உலர்வுக்கும் அசையும். அசைந்து ஒரு மூலையில் நாடா விட்டால், அதைக் குசினிக் கூரையில் மஞ்சள் வட்டம் விழுந்த பிறகுதான் அறிவீர்கள். சரிவான தரையில் பிறகு பாத்தை வைப்பதானால் தரையையே திரும்பப் போட வேண்டும். சுவர்வரை வளைத்து ஒட்டிய வினைல் தரையைப் பார்த்ததும் வாங்க வருபவர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவு வந்துவிடும் என்பது வேறு.

பாத் இருந்த அதே இடத்தில், அதே அளவில், 1700க்கு 700 ஷவர் ட்ரே (நின்று குளிக்கும் தாழ்ந்த தட்டு) பொருத்துங்கள். பாத்துக்குப் பதிலாக வைப்பதற்கென்றே இந்த அளவில் விற்கிறார்கள். 40 மில்லிமீற்றர் உயரமுள்ள தாழ்ந்த வகையாக இருக்கட்டும். அதை வாங்குவதற்கு முன் இரண்டு இடத்தில் அளவு நாடாவைப் பிடிக்க வேண்டும்.

முதலாவது, தரைக்குக் கீழே. பாத்தின் கழிவு ட்ராப் (கழிவு நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) தரைக்கு மேலேயே இருக்கும். குழாய் பலகைக்கு மேலாகவே ஓடிச் சுவரைத் துளைத்து வெளியே போகும். 1930களின் வீடுகளில் அது வெளிச்சுவரில் இருக்கும் ஹொப்பர் என்ற திறந்த வாய்க் கிண்ணத்தில் கொட்டுவது வழக்கம். தாழ்ந்த ட்ரே வைத்தால் ட்ராப் பலகைக்குக் கீழே இறங்கிவிடும். 40 மில்லிமீற்றர் கழிவுக் குழாய்க்கு மீற்றருக்குக் குறைந்தது 18 மில்லிமீற்றர் இறக்கம் வேண்டும், நீளம் 3 மீற்றரைத் தாண்டக்கூடாது. அப்படி இறங்கி வரும் குழாய் ஹொப்பரின் வாய்க்குக் கீழே போய்விட்டால் ஹொப்பரையே தாழ்த்த வேண்டும். வேலை பாதியில் நிற்கும்போது "இதற்குத் தனிக் கணக்கு" என்று கேட்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிலர் ஹொப்பரைத் தொடாமல் ட்ரேயைக் காலில் தூக்கி 15 சென்றிமீற்றர் படி ஒன்று செய்துவிடுவார்கள். அம்மாவுக்காகச் செய்த வேலை அங்கேயே வீணாகிவிடும்.

குழாய் மரச்சட்டங்களுக்கு இடையில், அவற்றின் போக்கிலேயே ஓடினால் பிரச்சினையில்லை. குறுக்கே வெட்டிப் போக வேண்டியிருந்தால் நிற்க. 175 மில்லிமீற்றர் ஆழச் சட்டத்தில் மேலிருந்து வெட்டும் பள்ளம் ஆழத்தின் எட்டிலொன்று, அதாவது 22 மில்லிமீற்றர் வரைதான் இருக்கலாம். அதுவும் சுவருக்குக் கிட்ட, நீளத்தின் கால்பங்குக்குள். நடுக்கோட்டில் போடும் துளை ஆழத்தின் கால்பங்கு, ஏறக்குறைய 44 மில்லிமீற்றர். ஒட்டுப் பசை வகைக் கழிவுக் குழாயின் வெளிவிட்டம் 43. காகிதத்தில் மட்டும்தான் அது புகும். சரிவு கொடுக்க இடமில்லை. பாத்தைத் தூக்கியதும் ஒரு பலகையைக் கழற்றிச் சட்டங்கள் எந்தத் திசையில், எந்த இடைவெளியில் ஓடுகின்றன என்று பார்த்த பிறகே ட்ரேக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள். ட்ரேயின் துளை நடுவில், ஓரத்தில், மூலையில் என்று மாடலுக்கு மாடல் மாறும். அது ஒரு சட்டத்தின் தலையில் வந்து விழுந்தால், சில பில்டர்கள் சட்டத்தை அரிந்துவிட்டு மேலே பலகை போட்டு மூடுவார்கள். கூடுமானவரை துளை பாத்தின் பழைய கழிவு இருந்த அதே முனையிலேயே வரட்டும். பிறகு பாத் வரும்போது ஒரு சிறு துண்டுக் குழாயோடு வேலை முடியும்.

இரண்டாவது, சுவர். இப்போதுள்ள டைல் பாத்தின் விளிம்போடு நின்றிருக்கும். கீழே வெறும் பிளாஸ்டர்தான். பழைய டைலுக்கு ஜோடி கிடைக்காது. மூன்று பக்கமும் உரித்துத்தான் ஆக வேண்டும். உரித்துவிட்டுப் பழைய பிளாஸ்டரின்மேலேயே 12 மில்லிமீற்றர் சிமெண்ட் போர்ட், பசை, டைல் என்று அடுக்கினால் ஒரு பக்கத்துக்கு 20 மில்லிமீற்றருக்கு மேல் தடித்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 40. உங்கள் 1700 அன்றோடு 1660 ஆகிவிடும். பிறகு 1700 பாத் எந்தக் காலத்திலும் உள்ளே இறங்காது. இதை முன்கூட்டிச் சொல்லும் பில்டரைக் காண்பது அரிது. பிளாஸ்டரைச் செங்கல்வரை உடைத்தெடுத்து, போர்டைச் செங்கலோடு ஒட்டி, பழைய முகத்தின் மட்டத்துக்கே வரச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால் இப்போதே 1600 ட்ரே என்று முடிவெடுங்கள். 1600 நீளப் பாத்தும் எல்லாக் கடையிலும் உண்டு. நீர்க்காப்பு ட்ரேயின் விளிம்பிலிருந்து ஷவர் தலைக்கு மேல்வரை, மூலைகளில் நாடாவோடு பூசப்பட வேண்டும். சாதாரண பிளாஸ்டர்போர்டின் மேல் டைல் ஒட்டினால் சில வருடத்தில் கீழ் வரிசை டைல் ஊதிக்கொண்டு வரும்.

செங்கல் இல்லாத மரச்சட்டச் சுவர் ஏதும் இருந்தால், அதை மூடுமுன் கைப்பிடி வரப்போகும் இடங்களில் போர்டுக்குப் பின்னால் 18 மில்லிமீற்றர் பிளைவுட் வைத்து, எங்கே வைத்தீர்கள் என்று தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மடக்கும் இருக்கைக்கும் அதே ஏற்பாடு. வெள்ளைப் பிளாஸ்டிக் கைப்பிடிக்குப் பதில் குரோம் வாங்கினால் விற்கும்போது கழற்றவே தேவையிராது.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. அம்மா வாளியில் தண்ணீர் பிடித்து, சின்னக் கதிரையில் இருந்து, செம்பால் அள்ளி வார்த்துக் குளிப்பவராக இருந்தால் பில்டரிடம் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். இங்கத்தைய பாத்ரூம் தரையில் கழிவுத் துளை கிடையாது, நீர்க்காப்பும் கிடையாது. இதுவரை செம்புத் தண்ணீரை அணைகட்டி வைத்திருந்தது பாத்தின் உயர்ந்த விளிம்புதான். படங்களில் அழகாகத் தெரியும் கண்ணாடி, ஒரு முனையில் 700 மில்லிமீற்றர் வாசலைத் திறந்தபடியே விடும். நின்று ஷவரில் குளிப்பவருக்கு அது போதும். உட்கார்ந்து தோளால் வார்ப்பவரின் தண்ணீர் அந்த வாசலால்தான் வெளியே ஓடும். அங்கே அடியில் பாரம் வைத்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிடுங்கள், அல்லது உதவி செய்பவர் வெளியே நின்று கை நீட்டக்கூடிய அரை உயரக் கதவு போடுங்கள். இருக்கையை வாசலிலிருந்து எதிர் முனையில் வையுங்கள். ட்ரேக்கு வெளியே உள்ள தரையிலும் ஒரு கை நீர்க்காப்பு பூசி, சுவரோரத்தில் 10 சென்றிமீற்றர் ஏற்றிவிட்டால் குசினிக் கூரை தப்பும்.

எண்ணெய் வைத்து முழுகும் வழக்கம் இருந்தால் இன்னொன்று. நல்லெண்ணெயும் நீள முடியும் சேர்ந்தால் எந்த ட்ராப்பும் அடைக்கும். மேலிருந்தே கழற்றிக் கழுவக்கூடிய 90 மில்லிமீற்றர் ட்ராப் கேளுங்கள். தாழ்ந்த ட்ரேக்கு அடியில் கை விட வழியில்லை. அடைத்தால் கீழே கூரையை வெட்டித்தான் திறக்க வேண்டும்.

தண்ணீர் வேகத்தையும் முதலே பாருங்கள். தாங்கி இல்லாமல் உடனுக்குடன் சுடுநீர் தரும் கொம்பி பொய்லர் என்றால் கவலையில்லை. 24 கிலோவாட் கொம்பி நிமிடத்துக்குப் பத்து லீற்றர் அளவில் சுடுநீர் தரும். கூரைக்குள் தாங்கியும் அலுமாரியில் சுடுநீர் சிலிண்டரும் உள்ள வீடு என்றால், தாங்கியின் அடிக்கும் ஷவர் தலைக்கும் ஒரு மீற்றர் இடைவெளிக்கு 0.1 பார் அழுத்தம்தான் வரும். பாத்தை நிரப்ப அது போதுமாக இருந்திருக்கும், ஷவரில் சொட்டும். அப்போது பம்ப் அல்லது எலக்ட்ரிக் ஷவர் வேண்டும். மிக்ஸர் எதுவானாலும் தெர்மொஸ்டட் உள்ளதாக, 38 பாகையில் தடுப்புப் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பாத்துக்கு வந்த 22 மில்லிமீற்றர் குழாய்களைப் பலகைக்கடியில் மூடி விட்டுவிடக் கூடாது. ஓடாத தண்ணீர் தேங்கிய குழாயில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். அந்தக் குழாயிலிருந்தே ஷவருக்கு எடுத்தால் தேக்கமும் இல்லை, பிறகு பாத்துக்குப் பிரிப்பதும் சுலபம்.

உடைக்கத் தொடங்குமுன் பாத்தின் முன்பலகையைக் கவனித்துப் பாருங்கள். 2000க்கு முன் மாற்றியதாகவும் சாம்பல் நிற போர்டாகவும் இருந்தால் அஸ்பெஸ்டஸாக இருக்கக்கூடும். ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை யாரும் அதில் சுத்தியல் வைக்கக்கூடாது.

காசு விஷயம். வேலை தொடங்குமுன் கவுன்சிலுக்கு எழுதி, அம்மாவுக்கு வீட்டில் என்ன மாற்றம் தேவை என்று பார்த்துச் சொல்லும் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை வரச் சொல்லுங்கள். டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் (இயலாதவருக்காக வீட்டை மாற்றக் கவுன்சில் தரும் உதவித்தொகை) இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை உண்டு. அம்மாவுக்கான விண்ணப்பத்தில் பார்ப்பது அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும், உங்களுடையதை அல்ல. அனுமதி வருமுன் தொடங்கிய வேலைக்குக் கிடைக்காது. நீங்கள் விற்கப் போகிறவர் என்பதால் இதையும் கவனியுங்கள்: கிராண்ட் 5,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் 10,000 பவுண் வரை கவுன்சில் வீட்டின்மேல் பொறுப்பாகப் பதிந்து, பத்து வருடத்துக்குள் விற்றால் திருப்பிக் கேட்கலாம். அம்மா ஐந்து வருடம் அங்கேயே இருக்கப் போகிறார் என்ற உறுதிமொழியும் கேட்பார்கள். கிராண்ட் கிடைக்காவிட்டாலும் வாட் வரியை விடாதீர்கள். நீண்டகால நோயால் நடமாட்டம் குறைந்தவருக்காக பாத்ரூமை மாற்றும் வேலைக்கு வாட் பூச்சியம். வயது மட்டும் காரணமாகாது, வாதம் காரணமாகும். கையொப்பமிட்ட உறுதிக் கடிதத்தை பில்டருக்குத் தொடக்கத்திலேயே கொடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவருக்குக் கைப்பிடி, இருக்கையோடு வரும் ஷவர் போன்றவற்றைப் பொருத்தினால் 5 சதவீதம்தான்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு கேள்வி. கீழே யூட்டிலிட்டி அறையோ, குசினி நீட்டிய இடத்தில் ஒரு மூலையோ இருக்கிறதா? 800க்கு 800 ட்ரேயும் நின்றால் தலை இடிக்காத இரண்டு மீற்றர் உயரமும் கிடைத்தால், அங்கே ஷவரும் டொய்லெட்டும் வைப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. மேலே பாத் அப்படியே இருக்கும். வாதம் கூடினால் மாடிப்படியும் சிக்கலாகும், அப்போது கீழேயே குளிக்கலாம். விற்கும்போது இரண்டாவது குளியலறை உள்ள வீடு. செலவு கூடத்தான் செய்யும். கதவு வைத்த 'வோக்-இன்' பாத்தை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தண்ணீர் நிரம்பும்வரையும் வடியும்வரையும் உள்ளேயே குளிரில் இருக்க வேண்டும். பிள்ளைக்காரரும் விரும்பார், ஷவர் தேடுபவரும் விரும்பார்.

விற்க முடிவெடுத்தால், ஏஜென்ட் படம் பிடிக்க வருவதற்கு முன்னரே பாத்தை ஏற்றிவிடுங்கள். கால்களை வெறும் பலகையில் ஊன்றாமல் மரச்சட்டங்களுக்குக் குறுக்கே கிடக்கும் பட்டைகளில் ஊன்றி, சுவர்ப் பக்க விளிம்புக்கு அடியில் ஒரு ரீப்பர் அடிக்கச் சொல்லுங்கள். சிலிக்கன் பூசுமுன் பாத்தை நிரப்புங்கள். வெறும் பாத்தில் பூசினால், முதல் ஆள் ஏறிக் குளித்ததும் பாரத்தில் விளிம்பு இரண்டு மில்லிமீற்றர் இறங்கிச் சிலிக்கன் சுவரைவிட்டு உரிந்து வரும். நிரம்பிய தண்ணீரோடு பூசி, இராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் வடித்துவிடுங்கள்.